பண்டாரவளையில் இருபது நிமிடம்

2024 மார்ச் 3

கேஸ் தீர்ந்துவிட்டது. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். போன தடவை மாற்றியது அக்டோபர் கடைசியில். நாலு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. சிலிண்டர் கொண்டுவந்தவர், "என்ன டீச்சர், சமைக்கியளா இல்லையா?" என்று கேட்டார். சமைக்கிறேன் என்றேன். அவர் போன பிறகுதான் உறைத்தது, காலையில் எழுந்ததிலிருந்து நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்போது மணி பதினொன்றரை.

மார்ச் 10

ஞாயிற்றுக்கிழமை. மகன் அஃப்சல் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். அவனும் மருமகள் ஷம்ஸியாவும் பிள்ளைகளும் அங்கேதான். வழக்கமாக உடம்பு எப்படி, மாத்திரை போட்டீர்களா, இவ்வளவுதான் இருக்கும். இன்று நிறையப் பேசினான். ஜூலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவாம்.

"உம்மா, நாம எல்லாரும் ஸ்ரீலங்கா போவோம். எட்டு நாள். நீங்க மதுரையில பிளேன் ஏறுனா ஒரு மணி நேரம், கொழும்புல எறங்கிரலாம். நாங்க இங்கேருந்து நேரா வந்துருதோம்."

"ஸ்ரீலங்காவா?"

"ஏன், பிடிக்கலியா? மலை, கடல், ரயிலு எல்லாம் இருக்கு. உங்க வாப்பா, நம்ம ஆளுக எல்லாம் ஒரு காலத்துல போய்வந்த ஊருதானே. பிள்ளையளும் பாக்கட்டும்."

போனை வைத்ததும் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். 'இலங்கையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.' சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலிக் கோட்டை என்று போகிறது. எல்ல என்ற ஊரில் ஒன்பது வளைவு உள்ள ஒரு ரயில் பாலம். படத்தில் பச்சைக்கு நடுவே அழகாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து ஏழெட்டு மைலில் பண்டாரவளை. அது பட்டியலில் இல்லை. இருக்கவும் இருக்காது. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மார்ச் 11

நாளைக்கு நோன்பு தொடங்குகிறது. அதற்குள் இதை எழுதி வைத்துவிட வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வாப்பா நூகு பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். கடைசியாக வந்தது அறுபத்து நாலு தொடக்கத்தில், எனக்கு அப்போது ஒன்றரை வயது. அந்த முகம் எனக்கு நினைவில்லை. அதற்கப்புறம் வரவில்லை. கடிதமும் நின்றுபோயிற்று. எண்பத்தொன்பதில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் அந்தப் பக்கமிருந்து வந்தவர், வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: நூகு முதலாளி மௌத்தாகிவிட்டார், அவருக்கு அங்கே மனைவியும் மகளும் இருக்கிறார்கள், அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்டார்.

உம்மா ஒரு சொல் சொல்லவில்லை. உள்ளே போய் வெள்ளைத் துணி உடுத்தினாள். கணவனை இழந்தவள் இருக்கிற இத்தாவை, நாலு மாதம் பத்து நாள், வெளியே தலை காட்டாமல் இருந்தாள். இருபத்தைந்து வருஷம் எட்டிப் பார்க்காத மனிதனுக்கு! எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கோபத்தில், "எதுக்கும்மா இது?" என்று கேட்டேன். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். வாப்பாவைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வரிதான். இரண்டாயிரத்து மூன்றில் போய்ச் சேர்ந்தாள்.

முப்பத்து மூன்று வருஷம் புவியியல் டீச்சராக இருந்தேன். வருஷாவருஷம் இந்தியா வரைபடத்தை மாட்டி, கீழே அந்தத் தீவைக் குச்சியால் தொட்டுக்காட்டுவேன். "இது இலங்கை. நடுவில் மலை, சுற்றிலும் கடற்கரை. உயரமான சிகரம் பிதுருதலாகல." குச்சியை எடுத்துவிடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அஃப்சலுக்கு, அவன் பாட்டனார் கொழும்பில் வியாபாரம் செய்து அங்கேயே இறந்தார் என்பது மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. உம்மா என்னிடம் எப்படி இருந்தாளோ, நானும் அவனிடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

பெருநாள். பக்கத்து வீட்டுக்கு நான் பிரியாணி கொடுத்தேன், அவர்கள் எனக்குப் பிரியாணி கொடுத்தார்கள். இரண்டு நாள் சாப்பிட்டேன்.

மே 19

திருநெல்வேலி டவுண் போய் ஸ்வெட்டர் வாங்கினேன். மே மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதும் ரதவீதிக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்டிக்கா அம்மா?" "நுவரெலியாவுக்கு" என்றேன். அந்தப் பெயரைச் சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மடியில் பையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தேயிலை ஏன் சரிவில் வளர்கிறது. மலை ஏன் தீவின் நடுவில் இருக்கிறது. அஃப்சலிடம் பண்டாரவளையை எப்படிச் சொல்வது? வழியில் சும்மா இறங்கிப் பார்ப்போம்ப்பா என்று சொன்னால் போதாதா?

ஜூன் 9

அஃப்சல் பேசினான். ஸ்ரீலங்கா இல்லையாம். ஜார்ஜியா.

"ஷம்ஸியாவோட அண்ணன் குடும்பம் அங்க போவுதும்மா. எங்களுக்கு விசா கூட வேண்டாம். பிள்ளையளுக்கும் ஸ்நோ பாக்கணும்னு ஆசை."

"நானும்...?"

"இந்தியாவுல இருந்து வாரதுன்னா விசா கஷ்டம்மா. இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா ஸ்ரீலங்கா."

சரிப்பா என்றேன். ஜார்ஜியா, சின்ன நாடு. வடக்கே காக்கசஸ் மலை, மேற்கே கருங்கடல். ஜூலையில் அடிவாரத்தில் பனி இருக்காது, மேலே போனால்தான் இருக்கும். இதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 16

நாற்பத்தேழு படம் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதயம் போட்டேன். எந்தப் படத்திலும் பனி இல்லை. பேத்தி ஒரு படத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ஜூலை 28

மருந்து வாங்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது சுவரில் நோட்டீஸ் பார்த்தேன். 'இலங்கை ஆன்மிக இன்பச் சுற்றுலா — கண்டி, சீதா எலிய, கதிர்காமம் — ஏழு நாள் — வன்னியராஜ் டிராவல்ஸ், திருநெல்வேலி.' படித்துவிட்டு நடந்தேன். கால் நின்றது. திரும்பி வந்து நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். வன்னியராஜ் அண்ணாச்சி நல்ல மனுஷன்தான். பேரைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, இது கோயில் டூரு பாத்துக்கிடுங்க. உங்களுக்கு..."

"நான் ஊரு பாக்க வாரேன். கோயில்ல நீங்க எல்லாரும் கும்பிட்டு வாங்க, நான் வெளிய இருந்துக்கிடுதேன். நுவரெலியாவுல இருந்து எல்லவுக்கு எந்த வழியா போவீங்க?"

"வெலிமடை, பண்டாரவளை வழியாத்தான். ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

பெயரைக் கொடுத்துவிட்டேன். ஷார்ஜா போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருஷத்துக்குச் செல்லும்.

ஆகஸ்ட் 4

அஃப்சலிடம் சொன்னேன். "தனியாவா? யார் கூட? என்னத்துக்கும்மா?" என்றான். ஊர் பார்க்க என்றேன். "அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன்லா?" கோபமா, வருத்தமா, பிடிபடவில்லை. அடுத்த வருஷம் எனக்கு அறுபத்து மூன்று, வாப்பாவின் கடையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு எத்தனை வயதோ. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14 — கண்டி

மொத்தம் இருபத்தாறு பேர், எல்லாரும் ஜோடி ஜோடியாக. தனியாக வந்தது நானும் ஃபிளோராவும் மட்டும். அதனால் எங்களுக்கு ஒரே அறை. ஃபிளோராவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். உவரிக்காரி, பாளையங்கோட்டையில் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு டூர் போய்விடுவாராம், எந்த மதத்து டூராக இருந்தாலும் சரி.

"ஒத்தையில வீட்டுல கெடந்தா மண்டை கனத்துப் போவும் டீச்சர். பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டா யாராவது பேசுவாங்க."

கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் தேர்தல் சுவரொட்டி. மண் சிவப்பு, நம்மூர்த் தேரிக்காட்டு மண்ணை விட இருட்டான சிவப்பு. ஏரிக்கரையில் ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொடுத்தது எல்லாம் நான்தான்.

செப்டம்பர் 16 — நுவரெலியா

ஸ்வெட்டர் போதவில்லை. ஆறாயிரத்து இருநூறு அடி என்று பாடம் நடத்தியவளுக்கு அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது. தேயிலை மேகத்துக்குள் போய் மறைகிறது. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஃபிளோரா தூங்கிவிட்டார். அவரிடம் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாப்பா, உம்மா, இத்தா, எல்லாம். மூன்று நாள் பழக்கத்தில்! பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு பஸ்ஸை நான் நிப்பாட்டுதேன். நீங்க எறங்குங்க" என்றார்.

செப்டம்பர் 17 — எல்ல

இதை இன்றே எழுத வேண்டும்.

சீதா எலியவில் எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள். நான் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குப் பண்டாரவளை. ஊர் மலைச்சரிவில் படிப்படியாக ஏறி நிற்கிறது. ஃபிளோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க, முடியல" என்று சத்தம் போட்டார். வன்னியராஜ் அண்ணாச்சி பதறிப்போய், "இருபது நிமிஷம், எல்லாரும் டீ குடிச்சுக்கிடுங்க" என்றார்.

நான் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். மீலாது நபி முடிந்த மறுநாள், பள்ளிவாசலில் இன்னும் பச்சைத் தோரணம் தொங்கியது. வாசலில் ஆமிர் என்று ஒருவர், பள்ளிவாசல் காரியங்களைப் பார்ப்பவர், எழுபது வயது இருக்கும். நூகு என்று சொல்லி முடிப்பதற்குள், "துணிக்கடை நூகு முதலாளியா? கட இப்ப இல்ல. மகள் மேல ஈக்கிறாங்க, வாங்க" என்று படியேறினார். 'இருக்கிறாங்க' அங்கே 'ஈக்கிறாங்க'. அவ்வளவு சுலபம். அறுபது வருஷத் தூரம், ஒரு பள்ளிவாசல், நாற்பது படி.

நீலக் கதவு. திறந்தவளுக்கு என் மூக்கு. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ஆமிர், "தஸ்மியா, இந்தியாவுலேந்து வாப்பாவத் தேடி வந்தீக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"எந்த ஊர்லேந்து?"

"அம்பாசமுத்திரம். என் பேரு மும்தாஜ் பேகம். நூகோட மக."

அவள் முகம் மாறியது. பயமா, கோபமா? கதவைப் பிடித்திருந்த கை இறுகியது.

"எங்கட வாப்பாக்கு அந்த ஊர்ல ஒரு பொஞ்சாதியும் மகளும் ஈந்தாங்க. சரி. அறுபத்து நாலுல வாப்பாவப் பாக்க இங்க வர பொறப்பட்டாங்க. தனுஷ்கோடிப் புயல்ல ரயிலோட கடல்ல போயிட்டாங்க. அதுக்குப் பொறகுதான் எங்கட உம்மாவ வாப்பா கல்யாணம் செஞ்சாரு. வருஷாவருஷம் அந்த ரெண்டு பேருக்கும் குர்ஆன் கத்தம் ஓதி ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கிறோம். வாப்பா போன பொறகும் நான் விடல்ல. அந்தப் புள்ளட பேரும் மும்தாஜ்தான்."

"அந்தப் புள்ளை நான்தாம்மா."

"மௌத்தானவங்கட பேரச் சொல்லிட்டு வாறீங்களே, அல்லாஹ்வுக்குப் பயமில்லையா? ஊட்டுல பங்கு கேட்டா வந்தீங்க?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். பாக்கத்தான்..."

கதவு சாத்திக்கொண்டது.

கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது. பையில் இருந்த சீட்டில் என் பெயரும் நம்பரும் எழுதி, உம்மாவின் பெயர் ரஹ்மத் பீவி என்றும் எழுதி, ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு வந்தேன்.

ஃபிளோரா டிரைவர் பக்கத்தில் நின்று வயிற்று வலி நடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வலி சரியாகிவிட்டது.

பாலம் பார்த்தோம். ரயில் வந்தது. எல்லாரும் கை காட்டினார்கள்.

எழுதினால் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. செத்துப்போனவளா நான்? ரெண்டு வயசுல என்னையும் உம்மாவையும் கடல்ல தள்ளிட்டு, வருஷாவருஷம் எங்க பேர்ல ஊருக்குச் சோறு போட்டிருக்காரு மனுசன். உம்மா இங்கன அவரு வருவாரு வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா. அவளுக்கு அங்கன கத்தம் ஓதியாச்சு. அல்லாஹ்வே.

செப்டம்பர் 19 — காலி

கோட்டை மதில். கடல். ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஃபிளோரா ஒரு இளநீரை என் கையில் வைத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

செப்டம்பர் 29

அஃப்சல் கேட்டான்: "எப்படிம்மா இருந்துச்சு? எதும்மா பிடிச்சுது?"

"எல்லாம் நல்லா இருந்துச்சு. பாலம் நல்லா இருந்துச்சு."

வேறு என்ன சொல்வது? உன் உம்மா அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்துவிட்டாள் என்றா?

அக்டோபர் 12

நாலு நாளாக வெளியே போகவில்லை. இன்று பால்காரர் கதவைத் தட்டி, "டீச்சர், சுகமில்லையா?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன். நான் இருக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போனபோது பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். "மிஸ், இப்பவும் அப்படியே இருக்கீங்க" என்றாள். அவள் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 20

வாப்பா மேல் கோபம் வருகிறது. அதை விட்டு உம்மா மேல் போகிறது. ஏன் கப்பல் ஏறிப் போகவில்லை? ஏன் ஒரு ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை? சத்தம் போட்டிருக்கலாமே. ஒரு கடிதமாவது எழுதினாளா? எழுதியிருக்க மாட்டாள். வாயைத் திறக்காதவள் எங்கே எழுதியிருக்கப் போகிறாள்?

நவம்பர் 3

காலை ஒன்பது மணி. தெரியாத நம்பரிலிருந்து குரல் செய்தி. தொடக்கம் +94.

"தாத்தா... தாத்தா, நான் பேசுறன்."

அப்புறம் அழுகை. அவ்வளவுதான் செய்தி. தாத்தாவா? யாரோ யாருக்கோ போட்டது தவறி வந்துவிட்டது என்று போனை வைத்தேன். அரை மணியில் அதே நம்பரிலிருந்து அழைப்பு.

"தாத்தா, தஸ்மியா. பண்டாரவளை."

"தஸ்மியாவா? தாத்தான்னு யாரைக் கூப்பிடுத?"

"எங்கட பக்கம் அக்காவத்தான் தாத்தான்னு கூப்பிடுவோம்."

அப்புறம் சொன்னாள். நான் வைத்துவிட்டு வந்த சீட்டில் இருந்த ரஹ்மத் பீவி என்ற பெயர் அவளைத் தூங்க விடவில்லையாம். உம்மாவின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது, கத்தம் ஓதும்போது மட்டும்தான் சொல்வார்கள். வாப்பாவின் இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. கடைக் கணக்கு என்று அவர் யாரையும் தொட விட்டதில்லை. அவர் போன பிறகும் இவள் திறந்ததில்லை. போன வாரம் பூட்டை உடைத்திருக்கிறாள்.

"கடிதம் ஈக்கிது தாத்தா. பதினாலு கடிதம். எல்லாம் உங்கட உம்மா எழுதினது. எல்லாம் பிரிச்சு வாசிச்சது. அறுபத்தஞ்சுலேந்து எழுபத்தொண்டு வரைக்கும். ஒரு படமும் ஈக்கிது, ரெட்ட சடை போட்ட சின்னப் புள்ள. பின்னால 'மும்தாஜ், இரண்டாம் வகுப்பு'ன்னு எழுதியீக்கிது."

வாப்பாவுக்குத் தெரியும். நான் இருப்பது தெரியும். இரண்டாம் வகுப்புப் படிப்பதும் தெரியும்.

"எங்கட உம்மா மௌத்தாகும் வரைக்கும் உங்களுக்காக அழுதாங்க தாத்தா. எங்க எல்லாரையும் அழ வெச்சிட்டாரே."

உம்மா எழுதியிருக்கிறாள். பதினாலு தடவை.

நவம்பர் 5

கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உம்மாவின் கையெழுத்தை போனில் விரலால் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு மனமில்லை.

"அப்ப நான் கொண்டு வாறன்" என்றாள்.

நவம்பர் 17

தஸ்மியாவுக்கு ஒரே மகன், பெயர் ஆஷிக், கொழும்பில் இருக்கிறான். மாதத்தில் ஒரு தடவை வருவானாம். புருஷன் இல்லை. வீட்டிலேயே தையல் வேலை. "தாத்தா, எனக்கும் பேச ஆள் இல்ல" என்று இன்று சொன்னாள். தினமும் சாயங்காலம் அசர் தொழுது முடித்ததும் கூப்பிடுகிறாள். மழை பெய்கிறதா என்று கேட்பாள். இங்கே பெய்கிறது என்பேன். அங்கேயும் என்பாள்.

டிசம்பர் 4

மதுரை விமான நிலையம். தலையில் முக்காடும் கையில் ஒரு பழைய தோல் பையுமாக வெளியே வந்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளியே நின்றோம். அப்புறம் என் கையைப் பிடித்து முகர்ந்தாள். காரில் ஏறியதும் கோவில்பட்டி வரை தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 5

உம்மாவின் கடிதங்களை வாசித்தோம். தஸ்மியா வாசிக்க நான் கேட்டேன். கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடியின் குற்றம் இல்லை.

முதல் கடிதங்களில் எப்போது வருகிறீர்கள், வெள்ளத்தில் கூரை போயிற்று, தங்கச்சிக்குக் கல்யாணம் என்று இருக்கிறது. போகப் போகக் கடிதம் சின்னதாகிறது. அறுபத்தொன்பதில் எழுதியது:

'நீங்கள் வர வேண்டாம். இனி கேட்கவும் மாட்டேன். மும்தாஜ் நன்றாகப் படிக்கிறாள். வாப்பா எங்கே என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.'

எழுபத்தொன்றில் கடைசிக் கடிதம் இரண்டே வரி. 'மும்தாஜ் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்துகிறேன்.'

நான் கேட்டிருக்கிறேனா? எனக்கு நினைவே இல்லை. வாயைத் திறக்காதவள் என்று அக்டோபரில் இதே நோட்டில் எழுதினேன். உம்மா, என்னை மன்னித்துவிடு.

டிசம்பர் 6

வெள்ளிக்கிழமை. கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை, மதில் ஓரம் போய் நின்றோம். உள்ளே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் உம்மா. தஸ்மியா மதிலில் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் துஆ கேட்டாள். "பெரியும்மா" என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

டிசம்பர் 7

சண்டை. நான்தான் தொடங்கினேன்.

சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அந்தப் பொய்ய விட்டா எங்கட வாப்பா நல்ல மனுசன் தாத்தா. எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க தூக்கிட்டு நடப்பாரு."

"உனக்கு நல்ல வாப்பா. எனக்கு?"

"நான் என்ன செய்ய? எனக்கு அவர வெறுக்க வருதில்லையே."

"எங்க உம்மாவ உசுரோட பொதச்ச மனுசன். அவரப் போயி நல்ல மனுசன்னு எங்கிட்டயே சொல்லுதியே!"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பையில் துணியை அடுக்கும் சத்தம் கேட்டது. நான் போய்த் தடுக்கவில்லை. இந்த வீட்டில் தனியாக இருந்து பழகியவள் எனக்குள் உட்கார்ந்துகொண்டு, போகட்டும், போனால் போகட்டும் என்றாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

பிறகு எழுந்து போனேன். அறை வாசலில் நின்று, "நீ வெறுக்க வேண்டாம். எனக்காக வெறுக்க வேண்டாம். போவாத" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

டிசம்பர் 8

காலையில் அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம். எழுந்து பார்த்தேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். "சம்பலுக்கு இந்த மொளகா காரம் போதாது" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். அவள் போட்ட சம்பல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அப்போது அஃப்சலின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்திருந்தேன்.

"யாரும்மா அங்கன சிரிக்கது?"

எப்போதும்போல ஒன்றுமில்லைப்பா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"உன் சாச்சி."

"எனக்கு ஏதும்மா சாச்சி? உங்களுக்குத்தான் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையே."

"வேலை இருக்கா உனக்கு இப்ப?"

"இல்லம்மா. சொல்லுங்க."

"ஷம்ஸியாவையும் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வையி. சொல்லுதேன்."

தஸ்மியா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உம்மாவிலிருந்து தொடங்கினேன்.